ஆவாரையா, சங்குப்பூவா, முருங்கையா, அகத்தியா: சென்னைத் தோட்டத்துக்கு எது பொருந்தும்?

வீட்டில் ஒரு செடிக்குத்தான் இடமிருக்கிறது. அது பூக்கவும் வேண்டும், அந்தப் பூ அடுப்படிக்குப் பயன்படவும் வேண்டும், கத்திரி வெயிலில் பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் உயிரோடிருக்கவும் வேண்டும், எதை வைக்கலாம் என்ற கேள்வி ஒவ்வொரு ஆண்டும் பங்குனி பிறந்ததும் என்னிடம் வரத் தொடங்கிவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைக் கண்ட பிறகு, இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் எண்ணிக்கை கூடியது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கை வராதது இயல்புதான்.

கேட்பவர்கள் பெரும்பாலும் நான்கு பெயர்களுக்கிடையே தடுமாறுகிறார்கள்: ஆவாரை, சங்குப்பூ, முருங்கை, அகத்தி. நான்கின் பூவும் உண்ணத் தக்கது. நான்கும் நம் மண்ணில் பழகியவை. ஆனால் கேள்வியைக் கேட்கும் விதத்திலேயே ஒரு பிழை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சித்திரையைத் தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், ஐப்பசியைத் தாங்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. மடிப்பாக்கத்தில் உள்ள என் வீட்டுக் களிமண் தோட்டத்தில் வெயிலுக்குச் செத்த செடிகளைவிட மழைக்குச் செத்த செடிகளே அதிகம்.

## எதை வைத்து அளப்பது

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வறண்ட ஊர் என்று சொல்லிவிட முடியாத அளவு இது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஜனவரி முதல் மே வரை ஏறக்குறைய மழையே இல்லை. ஆகவே இங்கே நடப்படும் செடி ஐந்து மாதம் நீரின்றி நிற்கவும், பிறகு இரண்டு மூன்று நாள் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நிற்கவும் தெரிந்ததாக இருக்க வேண்டும். வறட்சியைத் தாங்கும் செடிகளில் பல, இரண்டாவது தேர்வில் தோற்றுவிடுகின்றன; ஆழமாகக் காற்றோட்டத்தைத் தேடிப் போகும் வேர், தேங்கிய நீரில் மூச்சடைத்து அழுகிவிடுவதே காரணம்.

எனவே முதல் அளவுகோல் மண். திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் மணற்பாங்கான மண்; எவ்வளவு பெய்தாலும் உறிஞ்சிக்கொள்ளும், அதே வேகத்தில் காய்ந்தும் போகும். தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், வில்லிவாக்கம், பெரம்பூர் என நகரத்தின் பெரும்பகுதி களிமண். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் தோண்டினால் பாறை தட்டும். ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒரு வாளி நீரை ஊற்றி, அது வடிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துவிட்டால் போதும். ஒரு மணி நேரத்தில் வடிந்தால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நீர் நின்றால், அந்த இடம் எந்தச் செடிக்கு ஆகாது என்பதை அந்தக் குழியே சொல்லிவிடும்.

இரண்டாவது அளவுகோல், தரையா தொட்டியா என்பது. வறட்சி தாங்கும் என்ற பெயர் ஒரு செடிக்கு அதன் வேர் கீழே போவதால் கிடைக்கிறது. பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வேர் போவதற்குக் கீழ் என்று ஒன்று இல்லை. மே மாதத்து மொட்டை மாடியில், சுடும் தளத்தின்மேல், காட்டில் தானாக வளரும் ஆவாரைகூடத் தினமும் தண்ணீர் கேட்கும். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மனத்தில் நிறுத்தினால் பாதி ஏமாற்றம் குறையும்.

மற்றவை எளியவை: முதல் பூவுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், பறித்த பூ ஒரு வேளைக் குழம்புக்குப் போதுமா அல்லது ஒரு டம்ளர் தேநீருக்கு மட்டும்தானா, செடியை வைத்த பிறகு யாரும் முன்கூட்டிச் சொல்லாத என்னென்ன வேலைகள் வந்து சேரும் என்பவை.

## ஆவாரை

வறட்சியை மட்டும் வைத்துப் பார்த்தால் நான்கில் முதலிடம் இதற்குத்தான். வேர் பிடித்த ஆவாரைக்கு, தரையில் இருக்கும்வரை, கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுவதே உபசாரம். ஆள் உயரத்தில் புதராக நிற்கும். ஆடு மாடு அதிகம் சீண்டாது. மழை ஓய்ந்த பிறகு, மார்கழி தையில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். போகியன்று வேப்பிலை, சிறுபீளையோடு சேர்த்துக் காப்புக் கட்ட மயிலாப்பூர் நடைபாதையில் கட்டு கட்டாக விற்கப்படுவது இந்தப் பூதான். அதன் பிறகும் ஆண்டு முழுவதும் விட்டு விட்டுப் பூத்துக்கொண்டிருக்கும்.

சமையலில் இது துவர்ப்பும் இலேசான கசப்பும் கொண்ட பூ. பச்சைப் புல்லிவட்டத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, இதழ்களைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் சேர்த்துக் கூட்டாகச் செய்யலாம். நிழலில் உலர்த்தி வைத்தால் ஏலக்காயும் பனங்கற்கண்டும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்க ஆண்டு முழுவதும் வரும். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சரியல்ல. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள், இதைத் தினசரிப் பானமாக்குவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கருவுற்றிருப்பவர்கள் தவிர்த்துவிடுவதே நல்லது.

இனி, சொல்லப்படாத செலவுகள். முதலாவது, சரியான செடி கிடைப்பது. ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு நாற்றுப் பண்ணையில் ஆவாரை என்று சொல்லி எனக்குத் தரப்பட்டது, மஞ்சளாகப் பூக்கும் வேறொரு கொன்றை வகை. பூத்துக் காய்த்து முடியும்வரை நானும் அதை நம்பி நீரூற்றிக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைக் கூர்ந்து பார்த்தால், ஆவாரையில் இரு பக்கமும் காதுமடல் போன்ற, அகன்ற, நிலைத்து நிற்கும் சிறு பச்சைச் செதில்கள் இருக்கும். பட்டை செம்பழுப்பாக இருக்கும். காய் முற்றினால் காகிதம்போல் மெலிந்து தட்டையாகத் தொங்கும். காதுமடல் இல்லையென்றால் அது ஆவாரை இல்லை.

இரண்டாவது செலவு பொறுமை. விதையின் தோல் கடினமானது. மணலில் தேய்த்து, வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைக்காவிட்டால் பாதி முளைக்காது. ஆணிவேர் விரைவில் ஆழத்துக்குப் போவதால் வளர்ந்த செடியைப் பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. முதல் பூவுக்கு ஓராண்டு அளவில் காத்திருக்க வேண்டும். கூட்டு வைக்கும் அளவுக்குப் பூக்க இரண்டாம் ஆண்டாகும். மூன்றாவது செலவு, என் வீட்டில் நடந்தது. மூன்று ஆண்டு வளர்ந்து நன்கு பூத்துக்கொண்டிருந்த ஆவாரை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தேங்கிய நீரில் நான்கு நாள் நின்றது. நீர் வடிந்த ஒரு வாரத்தில் இலைகள் மஞ்சளாகி, பொங்கலுக்குள் முழுவதும் உலர்ந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தபோது ஆணிவேரின் தோல் ஈரச் சாக்குபோல் கையோடு வந்தது. அதே தெருவில், ஒன்றரை அடி உயர மேட்டுப்பாத்தியில் வைத்திருந்த ஒருவரின் ஆவாரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

## சங்குப்பூ

அவசரக்காரர்களுக்கும் மாடிக்காரர்களுக்கும் இதைவிட ஏற்றது இல்லை. விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைத்து, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கிவிடும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியும், ஏறிப் படர நான்கு குச்சியோ ஒரு கயிற்றுப் பந்தலோ இருந்தால் போதும். பயறு வகையைச் சேர்ந்த செடியாதலால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்கிறது. உரச் செலவு மிகக் குறைவு.

வறட்சியில் இது சாகாது, ஆனால் பூக்கவும் செய்யாது. கோடையில் தண்ணீரைக் குறைத்தால் கொடி இலைகளை உதிர்த்துவிட்டுக் கம்பிபோல் நிற்கும். ஒரு மழை விழுந்ததும் மீண்டும் துளிர்க்கும். தினம் பூ வேண்டுமென்றால் தொட்டிக்கு நாள்தோறும் ஒரு லிட்டராவது ஊற்ற வேண்டியிருக்கும். இதற்குச் சென்னைவாசிகளிடம் ஒரு கைமுதல் இருக்கிறது: ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்துக்கு ஓர் இரவில் அரை வாளியாவது சேரும். அதில் உப்பும் கிடையாது. குடிநீர் சுத்திகரிப்பான் வெளியே தள்ளும் உப்பு மிகுந்த தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. மணல் தரையில் மழை அந்த உப்பைக் கழுவிவிடும். தொட்டியில் அது மாதக்கணக்கில் தங்கி, இலை நுனிகளைக் கருக்கிவிடும்.

இதன் சமையல் பயனைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லப்படுவது அதிகம். ஒரு டம்ளர் வெந்நீரில் ஐந்தாறு பூவைப் போட்டால் கண்ணைப் பறிக்கும் நீலம் இறங்கும். எலுமிச்சையைப் பிழிந்தால் அது ஊதாவாக மாறும். இடியாப்ப மாவு பிசையும் நீரில் சேர்த்தால் குழந்தைகள் தட்டைக் காலி செய்வார்கள். ஆனால் சுவை என்று ஒன்று ஏறக்குறைய இல்லை; அவரைக்காயை முகர்ந்தாற்போன்ற மெல்லிய பச்சை வாசனை மட்டும்தான். நிறத்துக்காக வளர்ப்பவர் ஏமாற மாட்டார், வயிறு நிறையப் பொரியல் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். பூவின் ஆயுள் ஒரே பகல். காலையில் பறிக்காவிட்டால் மாலைக்குள் சுருண்டுவிடும். அலுவலகம் போகிறவர்களுக்கு இதுவே இதன் பெரிய செலவு.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. காய்களை விட்டுவிட்டால் கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதோடு இதன் விதையும் வேரும் பேதியை உண்டாக்குபவை. பார்க்கப் பட்டாணிபோல் தொங்குவதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் காயைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுவது இரண்டுக்கும் நல்லது.

## முருங்கை

பூச்செடி பற்றிய கட்டுரையில் முருங்கை எங்கே வந்தது என்று கேட்பவர்கள், முருங்கைப்பூவைத் துவரம்பருப்போடு உசிலி செய்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பூ, கீரை, காய் என மூன்றையும் தருவது இந்த நான்கில் இது ஒன்றே. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கையை விதையிலிருந்து வளர்த்தால், மூன்று மூன்றரை மாதத்தில் பூவும், ஆறு மாதத்துக்குள் காயும் பார்க்கலாம். நாட்டு மரமுருங்கைக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, நட வேண்டும். அது வீட்டையே மறைக்கும் அளவுக்கு வளரும் என்பதால் நகரத்து மனைகளுக்கு நான் சொல்வதில்லை.

பூவைப் பறித்தால் காய் குறையும் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. முருங்கை பூப்பதில் பெரும்பகுதி காயாகாமல் தானே உதிர்ந்துவிடுகிறது என்பதுதான் அதற்கான விடை. இரவில் மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து, விடியற்காலையில் எறும்பு மொய்ப்பதற்குள் நான்கு மூலையையும் பிடித்து எடுத்தால், பூக்கும் பருவத்தில் இரண்டு கைப்பிடிப் பூ இருக்கும். அதை உப்பு நீரில் அலசி, காம்பைக் கிள்ளிவிட்டு வதக்கினால் பாதியாகச் சுருங்கும். இருவருக்குத் தொட்டுக்கொள்ளப் போதும்.

தண்ணீர் விஷயத்தில் இது சிக்கனம்தான். பூக்கும் பருவத்தில் அளவுக்கு மீறி ஊற்றினால் பூ கொட்டிவிடும். ‘முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான்’ என்ற சொல்லுக்கு, தள்ளாத வயதிலும் கையில் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பான் என்று பொருள் சொல்வார்கள். வீட்டு வாசலில் முருங்கை ஆகாது என்பதும் அதே பெரியவர்கள் சொன்னதே. இரண்டிலும் பொருள் இருக்கிறது. மழை தொடங்கியதும் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக அப்பிக்கொள்ளும். அவற்றின் மயிர் பட்டால் அரிப்பு தாங்காது. கொடியில் காயும் துணியிலும் ஒட்டும். பகலில் அவை தூரில் கூடியிருக்கும்போது சோப்புக் கரைசலோடு வேப்பெண்ணெய் கலந்து அடிப்பது பலன் தரும்; பக்கத்து வீட்டாருடன் உள்ள உறவு கெடாமலிருக்க இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது கிளை. முருங்கையின் மரம் மெத்தென்றது, காற்றுக்கு நிற்காது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் அடித்து ஓய்ந்தபின் எங்கள் தெருவில் முழுதாக நின்ற முருங்கை ஒன்றுகூட இல்லை. மின்கம்பிக்கும் மதிலுக்கும் அருகில் வைப்பவர்கள் ஆண்டுதோறும் புரட்டாசியில் ஆள் வைத்து வெட்டும் கூலியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். செடி 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பிரிந்து கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். காய்ப்பு முடிந்ததும் மூன்றடி விட்டு வெட்டினால் மீண்டும் தழைக்கும். தேங்கும் நீரை முருங்கையும் பொறுக்காது. களிமண்ணில் மேட்டுப்பாத்தி இதற்கும் கட்டாயம்.

## அகத்தியும், பலர் கேட்கும் செம்பருத்தியும்

அகத்தி மற்ற மூன்றுக்கும் நேர் எதிர். வறட்சியைத் தாங்குவதில் நான்கில் கடைசி, நீர் தேங்குவதைத் தாங்குவதில் முதல். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான இடங்களில் ஆவாரையோடு போராடிச் சலித்தவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். ஓராண்டிலேயே மாடி உயரத்துக்கு வளர்ந்துவிடும். பூவின் நடுவிலுள்ள மகரந்தத் தண்டை நீக்கினால் கசப்பு குறையும். பொரியலுக்கும் பஜ்ஜிக்கும் பூ பெரிதாக, சதைப்பற்றோடு இருக்கும். கீரை துவாதசிக்கும் அமாவாசைக்கும் ஆகும் என்பதால் அந்த நாட்களில் அக்கம்பக்கத்தார் தேடி வருவார்கள். இதை வரவில் வைப்பதா செலவில் வைப்பதா என்பது அவரவர் சுபாவத்தைப் பொறுத்தது. தண்டுத் துளைப்பான் புழு வந்துவிட்டால் மரம் திடீரென ஒடிந்து விழும். நீண்ட ஆயுளை எதிர்பார்த்து நட வேண்டாம்.

செம்பருத்தியை இந்தப் பட்டியலில் ஏன் சேர்க்கவில்லை என்பவர்களுக்கு: அதன் பூ உண்ணத் தக்கது, அழகானது, ஆனால் வறட்சி தாங்கும் செடி அன்று. தண்ணீர் இரண்டு நாள் தவறினால் மொட்டு உதிரும், வெயிலில் வாடிய செடியை மாவுப்பூச்சி முதலில் பிடிக்கும். நாட்டு ஒற்றைச் சிவப்பு வகை ஓரளவு தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

| | ஆவாரை | சங்குப்பூ | முருங்கை (பி.கே.எம்.1) | அகத்தி |
|---|---|---|---|---|
| கோடை வறட்சி | மிக நன்று | உயிர் பிழைக்கும், பூ நின்றுவிடும் | நன்று | சுமார் |
| தேங்கும் மழைநீர் | தாங்காது | ஓரிரு நாள் | தாங்காது | தாங்கும் |
| தொட்டி | பெரிய டிரம் இருந்தால் மட்டும் | மிகப் பொருத்தம் | கீரைக்கு மட்டும் | வேண்டாம் |
| முதல் பூ | ஓராண்டு அளவில் | இரண்டு மாதம் | மூன்று மூன்றரை மாதம் | ஓராண்டு அளவில் |
| அடுப்படியில் | கூட்டு, பொடி, பானம் | நிறம், பானம் | உசிலி, பொரியல். கீரை, காய் தனி | பொரியல், பஜ்ஜி. கீரை தனி |
| கூடுதல் வேலை | மேட்டுப்பாத்தி, சரியான விதை தேடல் | தினம் காலையில் பறித்தல் | வெட்டுதல், கம்பளிப்பூச்சி | ஒடியும் மரம், துளைப்பான் |

## யாருக்கு எது

மொட்டை மாடி மட்டுமே உள்ளவர் சங்குப்பூவை எடுத்துக்கொள்ளலாம். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. நிழல்வலை கட்டியிருந்தால் வெயில் படும் விளிம்பில் வையுங்கள். முழு நிழலில் இலைதான் மிஞ்சும்.

தனி வீடு, மணல் மண், எப்போதாவது வந்து பார்க்கும் பழக்கம் என்றால் ஆவாரை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனை வாங்கிப் போட்டுவிட்டு மாதம் ஒரு முறை போகிறவர்களுக்கு இதைவிடத் தொல்லையில்லாத செடியை நான் அறியேன். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் ஊற்ற யாரையாவது ஏற்பாடு செய்துவிட வேண்டும். வறட்சி தாங்கும் செடி என்று சொல்லி முதல் ஆண்டே கைவிடப்பட்டு மடிந்த கன்றுகள் இந்த நகரத்தில் ஏராளம்.

ஆண்டுக்கொரு முறை அரிவாளை எடுக்கத் தயங்காத, மின்கம்பியிலிருந்து பத்தடியாவது விலகிய இடமுள்ள குடும்பத்துக்கு முருங்கை. சமையலறைக்கு வந்து சேரும் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் மற்ற மூன்றும் அதன் அருகில் வர முடியாது. மழைக்காலத்தில் தவளை கத்தும் தோட்டம் உள்ளவர்களுக்கு அகத்தி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் விதையிலிருந்து வளர்ப்பதே நல்லது என்பேன். விற்பனைக்கு வைக்கப்படும் பூச்செடிகள் பார்வைக்கு அழகாக இருக்கப் பூச்சிமருந்து அடிக்கப்பட்டிருக்கலாம். உண்பதற்காக வாங்குபவர், முதலில் பூக்கும் பூக்களைச் சாமிக்கு வைத்துவிட்டு, புதுத் துளிரில் வரும் பூக்களிலிருந்து சமையலைத் தொடங்கலாம். சாலையோரம் தானாகப் பூத்து நிற்கும் ஆவாரையைப் பறித்து வந்து சமைப்பதையும் தவிர்க்கவும். வண்டிப் புகையும் தூசியும் படிந்த பூ அது.

## விதைக்கும் மாதம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மணல் மண்ணுக்கும் தொட்டிக்கும் சரி. ஆடியில் விதைத்த சங்குப்பூ புரட்டாசியில் பூத்துவிடும். களிமண்ணில் ஆவாரையையும் முருங்கையையும் ஆடியில் விதைத்தால், மூன்று மாதக் கன்று நேராக ஐப்பசி வெள்ளத்தில் போய் நிற்கும். அங்கே தை மாதம்தான் ஏற்றது: மண்ணில் மழையின் ஈரம் இன்னும் இருக்கும், வெயில் ஏறுவதற்குள் வேர் அந்த ஈரத்தைத் தொடர்ந்து கீழே இறங்கிவிடும், அடுத்த பெருமழைக்குள் செடிக்கு ஒன்பது மாத வயது ஆகியிருக்கும். 2024 தை மாதம் காய்ந்த ஆவாரையைப் பிடுங்கிய அதே இடத்தில், செங்கல் அடுக்கி ஒன்றரை அடி மேடு கட்டி, ஆற்று மணலும் செம்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பி, ஊறவைத்த விதை ஆறு ஊன்றினேன். நான்கு முளைத்தன, வலுவான ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் களைந்தேன்.